ஸ்கிரீன் துணி எடுக்கும் முன் பிராக்கெட்டைப் பாருங்கள்

துணியை முதலில் எடுத்துவிட்டோம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சென்னையிலேயே ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினோம். மேற்கு பார்த்த படுக்கையறை. மூன்று மணிக்கு மேல் வெயில் கட்டில்வரை வந்துவிடும். அவசரத்தில் கனமான ஸ்கிரீன் துணி வாங்கி, ராடு நுழையும் ஐலெட் வளையம் போட்டுத் தைக்கக் கொடுத்த பிறகுதான் ராடும், அதைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டும் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கை எத்தனை இன்ச் வெளிய வரணும் சார்?" எனக்குத் தெரியவில்லை. ஜன்னலின் நீளம் அகலம் எல்லாம் போனில் குறித்து வைத்திருந்தேன். சுவரிலிருந்து ராடு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

அவர் பெட்டியைத் திறந்து ஐந்தாறு வகையை மேசையில் பரப்பினார். அசையாத கை, நீட்டிக் குறைக்கும் கை, இரண்டு ராடு தாங்கும் இரட்டைக் கை, ஒட்டும் வகை, ஸ்பிரிங் ராடு, ரோலர் பிளைண்டுக்கான எல் வடிவத் தகடு. எங்கள் வீட்டின் மூன்று ஜன்னலுக்கும் கடைசியில் மூன்று வெவ்வேறு விடைதான் கிடைத்தது. இரண்டு முறை தவறான பதிலுக்குப் பணம் கொடுத்த பிறகு.

ஒப்பிடத் தொடங்குமுன் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிராக்கெட் விழுந்தால் பழி பிராக்கெட்டுக்குப் போகிறது, குற்றவாளி பெரும்பாலும் சுவர்தான்.

நம் பக்கத்து வீடுகளில் ஜன்னலுக்கு மேலே, சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் ஓடும். ஏறக்குறைய 6 அங்குல உயரம், ஜன்னலின் இரு பக்கமும் அரை அடிபோல உள்ளே போய் அமர்ந்திருக்கும். ஸ்கிரீன் ராடை ஜன்னலுக்கு மேலே 4 அங்குலம், பக்கவாட்டில் 4 அங்குலம் தள்ளிப் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இடம் சரியாக லிண்டல் மேல்தான் விழும். சாதாரண டிரில் அங்கே கத்துமே தவிர உள்ளே போகாது. ஹேமர் டிரில் வேண்டும். அதிலும் கம்பி மாட்டினால் துளையை அரை அங்குலம் நகர்த்தியே ஆக வேண்டும். தூள் என்ன நிறத்தில் கொட்டுகிறது என்று பாருங்கள். முதலில் வெளிர் சாம்பலில் பூச்சு வரும். பிறகு சிவந்தால் செங்கல், சாம்பலாகவே கெட்டியாக வந்தால் கான்கிரீட், மாவு மாதிரி வெள்ளையாக, எந்த எதிர்ப்பும் இல்லாமல் பிட் உள்ளே வழுக்கிப்போனால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். இந்த மூன்றாவதுதான் ஆபத்து. துளை போடும்போது சுகமாக இருக்கும், ஸ்கிரூ நிற்காது. அதற்கென்று வரும் நீளமான, துளைக்குள் விரிந்து ஸ்கிரூவைப் பிடிக்கும் பிளக் போட வேண்டும்.

செங்கல் சுவரிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்பூச்சு 12 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். பிராக்கெட் டப்பாவுக்குள் இலவசமாக வரும் சின்ன ரால் பிளக் 25 மில்லிமீட்டர். அதில் பாதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும், செங்கலைப் பிடிப்பது மீதிப் பாதிதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 8 மில்லிமீட்டர் கனம், 40 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளத்தில் பிளக் தனியாக வாங்குங்கள். சில்லறைச் செலவுதான்.

இனி வெளியே நீளும் அளவு. கடைக்காரர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஹாலில் 6 அடி அகல யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். சுவரைத் தாண்டி உள்ளே எதுவும் நீட்டிக்கொண்டு இல்லை. அங்கே சாதாரண 3 அங்குலக் கை போதும். படுக்கையறையில் பழைய பாணி மர ஜன்னல்: கதவு வெளியே திறக்கும், நடுவில் கிரில், உள்பக்கம் கொசுவலைக் கதவு. இந்தக் கொசுவலைக் கதவு உள்ளே திறந்து சுவரோடு சாய்ந்து நிற்கும். சட்டம் ஒரு அங்குலம், தாழ்ப்பாள் ஒரு அங்குலத்துக்கு மேல். ஐலெட் ஸ்கிரீனின் மடிப்போ ராடுக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி என்று அலையலையாக விழும்; பின்பக்கம் மட்டும் 2 அங்குலம் கேட்கும். மொத்தம் 4½. அசையாத கை இந்த அளவில் எனக்குக் கிடைக்கவில்லை. 3 இருந்தது, 6 இருந்தது. 3 போட்டால் துணி தாழ்ப்பாளில் மாட்டும். 6 போட்டால் பக்கவாட்டு இடைவெளி வழியாக மாலை வெயில் நேரே கட்டிலுக்கு வரும். கனமான துணி வாங்கியதே வீண்.

நீட்டிக் குறைக்கும் கை இங்கேதான் காசுக்கு வேலை செய்கிறது. குழாய்க்குள் குழாய், அல்லது தகட்டில் நீளத் துளை. வேண்டிய இடத்தில் நிறுத்திச் சின்ன ஸ்கிரூவை முறுக்கினால் நிற்கும். இன்னொரு உபயோகம் எனக்கு மாட்டும்போதுதான் புரிந்தது. நம் சுவர்கள் நேராக இல்லை. படுக்கையறை ஜன்னலின் இடது ஓரத்தில் பூச்சு அரை அங்குலம் தடித்திருந்தது. இடது கையை 4, வலது கையை 4½ என்று வைத்தபோதுதான் ராடு ஜன்னலுக்கு இணையாக நின்றது. அசையாத கையாக இருந்தால் அட்டையை மடித்துப் பின்னால் செருகியிருப்போம். பழைய வீட்டில் அதைத்தான் செய்திருந்தோம்.

இதன் பலவீனம் அந்தச் சின்ன ஸ்கிரூதான். தினமும் காலையும் மாலையும் இழுக்க இழுக்க அது தளரும். கை மெதுவாக முன்னால் நழுவும், இல்லாவிட்டால் தலை ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஸ்கிரூ வழவழப்பான குழாயை அழுத்துகிறதா, அல்லது வெட்டிய பள்ளத்திலோ துளையிலோ போய் உட்காருகிறதா? இரண்டாவது வகை நழுவாது. அடுத்து, கையில் எடுத்தால் கனமாகவும் உடைந்த இடத்தில் சாம்பலாகப் பொரிபொரியாகவும் தெரியும் வார்ப்பு உலோகம் இருக்கிறதே, பளபளப்பாக முலாம் பூசி வரும், அதில் மரை சீக்கிரம் தேயும். இறுக்கி இறுக்கி ஒருநாள் ஸ்கிரூ சும்மா சுற்றும். இரும்புத் தகடோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருந்தால் மரை நிற்கும்.

உலோகத்தைப் பற்றி ஒரு இடைச்செருகல். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் இரும்பில் பவுடர் கோட்டிங் போட்டது ஸ்கிரூத் தலையைச் சுற்றி முதலில் துருப்பிடிக்கும். துரு வெள்ளைத் துணியில் இறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டால் சிலர் காந்தத்தை ஒட்டிக் காட்டி "ஒட்டல பாருங்க, 304" என்பார்கள். காந்தம் அதைச் சொல்லாது. 304 நல்ல ரகம், ஆனால் மலிவான 202 ரகமும் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. 304-இல் நிக்கல் 8 சதவீதத்தைத் தொடும், 202-இல் அது 4 முதல் 6 வரைதான், குறைத்ததற்கு ஈடாக மாங்கனீசு. உப்புக்காற்றில் வித்தியாசம் போகப் போகத்தான் தெரியும், கடையில் தெரியாது. முலாம் பூசிய இரும்பா, ஸ்டீலா என்று பிரிக்க மட்டும் காந்தம் உதவும்.

அடுத்து இரட்டைக் கை. உள்ளே மெல்லிய வலைத்துணி, வெளியே கனத்துணி என்று இரண்டு அடுக்கு. பகலில் வெளிச்சம் வேண்டும், எதிர்வீட்டுப் பார்வை வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. என் மனைவிக்கு ஹாலில் இதுதான் வேண்டும். எனக்கும் ஆசைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஹாலுக்கு 8 அடி ராடு. துணி இரண்டு மடங்கு அகலம் என்றால் சுமார் 5 மீட்டர். உயரம் 2 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள துணி ஏறக்குறைய 3 கிலோ வரும். ராடு ஒரு கிலோ. மொத்தம் 4, இரண்டு பிராக்கெட்டுக்கும் ஆளுக்கு 2 கிலோ. இது ஒன்றுமே இல்லை, ஒரு தேங்காய்ப் பையின் எடை. ஆனால் அந்த 2 கிலோ சுவரை ஒட்டித் தொங்கவில்லை. கையின் நுனியில் தொங்குகிறது. கை 3 அங்குலம், தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து மேல் ஸ்கிரூ 2 அங்குல உயரம் என்றால், மேல் ஸ்கிரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 3 கிலோ. கை 6 அங்குலமானால் அதே துணி 6 கிலோவாகப் பிடுங்கும். இதுவும் தாங்கும். குழந்தை ஸ்கிரீனில் தொங்கினால்? ஒரு பக்கம் 20 கிலோ இறங்கினால் 6 அங்குலக் கையில் மேல் ஸ்கிரூவுக்கு 60 கிலோ. பூச்சுக்குள் பாதி நிற்கும் பிளக் கையோடு வந்துவிடும். சுவரில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பள்ளம் விழும். அட்வான்ஸைத் திரும்ப வாங்கும் நாளில் அந்தப் பள்ளம் பேசும்.

ஆகவே இரட்டைக் கை வேண்டுமென்றால் தகடு உயரமாக, ஸ்கிரூத் துளை மேலும் கீழுமாக இருப்பதை எடுங்கள். நடுவில் ஒரே ஸ்கிரூ உள்ள வட்டத் தகடு அழகாக இருக்கும், இரட்டை ராடுக்கு லாயக்கில்லை. லிண்டல் கான்கிரீட்டில் போடுங்கள். மேலே திட்டிய அதே லிண்டல் இங்கே நண்பன். ஏஏசி சுவரில் இரட்டைக் கையை நான் போடமாட்டேன். எங்கள் ஹாலில் கான்கிரீட் கிடைத்தது, ஆனால் வீட்டில் குழந்தை இருக்கிறது. ஒற்றைக் கை, 3 அங்குலம் என்று முடித்தோம். வலைத்துணிக்கு வேறு வழி இருந்தது, பிறகு சொல்கிறேன்.

ராடு நடுவில் தொய்வதற்கும் பிராக்கெட்தான் மருந்து, கனமான ராடு அல்ல. அடிக்கு இவ்வளவு என்று எடை சமமாகத் தொங்கும்போது, தாங்கும் புள்ளிகளின் இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். அதாவது 8 அடி ராடுக்கு நடுவில் ஒரு கை கொடுத்தால் தொய்வு கண்ணுக்கே தெரியாமல் போகும். 5 அடிக்கு மேல் போனாலே நான் மூன்றாவது கை வைத்துவிடுவேன். இரண்டு பாதியாகத் திறக்கும் ஸ்கிரீனுக்கு நடுக்கை தடையே இல்லை. ஒரே துணியாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுப்பவர்களுக்குத்தான் வளையம் நடுக்கையில் முட்டும். நீட்டிக் குறைக்கும் ராடு வாங்கினால், இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒரு படி இருக்கும். அந்த இணைப்புக்குப் பக்கத்திலேயே நடுக்கையை வையுங்கள். வளையம் அந்தப் படியில் இடறும் தொல்லையும் குறையும்.

இப்போது ஒட்டும் வகை. வீட்டு ஓனர் சாவி கொடுக்கும்போதே, "ஆணி கீணி அடிச்சிடாதீங்க சார், போன வாரம்தான் பெயின்ட் அடிச்சது" என்றார். அதனால் ஆன்லைனில் துளை போடாமல் ஒட்டும் கொக்கிகள் வாங்கினேன். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒட்டிவிட்டுப் போகிறாள். நானும் சுவரைத் துடைத்து, ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு, மறுநாள்தான் ராடை வைத்தேன். பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்கு ராடு, துணி, கொக்கி எல்லாம் தரையில். கொக்கியை எடுத்துப் பார்த்தால் பசை அப்படியே இருக்கிறது, பழுது இல்லை. அதன் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டும் அதற்கு அடியில் பூசும் பட்டியும் தோலாக உரிந்து வந்திருக்கிறது. பசை பெயின்ட்டைப் பிடித்திருந்தது, பெயின்ட் பட்டியைப் பிடித்திருந்தது, பட்டிதான் சுவரைப் பிடிக்கவில்லை. துளை போட்டிருந்தால் கடுகளவு ஓட்டை. போடாததால் உள்ளங்கையளவு காயம்.

அதற்காக அது குப்பை என்று சொல்லமாட்டேன். டைல்ஸ், கிரானைட், கண்ணாடி, லேமினேட் பலகை இவற்றில் நன்றாக நிற்கும், ஏனென்றால் உரிய அங்கே எதுவும் இல்லை. ஹாலின் வலைத்துணிக்கு அதைத்தான் பயன்படுத்தினோம்: யுபிவிசி சட்டத்தின் மேலேயே இரண்டு குட்டிக் கொக்கி, ஒரு மெல்லிய கம்பி, கால் கிலோகூட இல்லாத துணி. இன்றுவரை நிற்கிறது. டிஸ்டெம்பர், சுண்ணாம்பு, பட்டி பார்த்த சுவர் என்றால் மட்டும் கிட்டவே போகாதீர்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் இன்னொரு வகை வரும். சுத்தியலால் இரண்டு தட்டு, பிராக்கெட் ஜன்னல் ஓரத்து மரத்தில் ஏறிவிடும், டிரில்லே வேண்டாம். அமெரிக்க வீடுகளில் ஜன்னலைச் சுற்றி மென்மரப் பட்டை அடித்திருப்பார்கள், அதற்காகச் செய்தது அது. நம் ஜன்னலுக்கு அப்படிப் பட்டை கிடையாது. பூச்சு நேரே ஜன்னலின் மரச்சட்டமான நிலையில் வந்து முட்டும். நிலையோ தேக்கு, வேங்கை, கோங்கு. தட்டினால் மரம் பிளக்கும் அல்லது ஆணி வளையும். ஆனால் அந்த யோசனையை நம் வழியில் செய்யலாம். மரச்சட்டத்தில் மெல்லிய பிட்டால் முன்துளை போட்டு ஒன்றேகால் அங்குல ஸ்கிரூவில் நீளும் கையை மாட்டினால், பிளக்கே வேண்டாம், சுவரைவிட உறுதியாகப் பிடிக்கும். குறை ஒன்றுதான்: ராடு சட்டத்தின் உயரத்திலேயே நிற்பதால் மேல் விளிம்பில் வெளிச்சம் கோடாகக் கசியும். காலையில் தாமதமாக எழுபவர்கள் யோசிக்கவும்.

ரோலர் பிளைண்ட் பற்றி அக்கம்பக்கத்தில் இப்போது நிறைய கேட்கிறார்கள். இடம் அடைக்காது, தூசி குறைவு, பார்க்க அலுவலகம் மாதிரி நறுவிசாக இருக்கும். அதன் தகட்டை மேலே, பக்கத்தில், சுவர்முகத்தில் என்று மூன்று விதமாகவும் பொருத்தலாம். ஆனால் துல்லியத்தில் ஸ்கிரீன் ராடு மன்னிக்கும், இது மன்னிக்காது. இரண்டு தகடும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் துணி சுருளும்போது ஒரு பக்கமாக நகர்ந்து போய்த் தகட்டில் உரசி ஓரம் நைந்துவிடும். உயரத்தைத் திருத்த நீளத் துளையோ ஸ்கிரூவோ உள்ள தகட்டை மட்டுமே வாங்குங்கள். இன்னொன்று, துணி எப்போதும் தகட்டுக்குத் தகடு உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறுகல். ஜன்னல் குழிக்குள் மாட்டினால் இரு ஓரமும் வெளிச்சக் கோடு நிச்சயம். மேற்கு வெயிலுக்கு வேண்டுமென்றால் குழிக்கு வெளியே, சுவர்முகத்தில், இரண்டு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக எடுத்து மாட்ட வேண்டும். எங்கள் படுக்கையறையில் கொசுவலைக் கதவு உள்ளே திறப்பதால் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

சீலிங்கில் ஓடும் டிராக் சொந்த வீட்டுக்காரர்களுக்கு. கான்கிரீட் தளத்தில் நேராகப் போட்டால் அதைவிட உறுதி எதுவும் இல்லை. ஃபால்ஸ் சீலிங் என்றால் அந்த ஜிப்சம் பலகை 12½ மில்லிமீட்டர்தான். ஸ்கிரூ மேலே உள்ள உலோகச் சட்டத்தில் போய்ப் பிடிக்க வேண்டும், அல்லது சீலிங் போடும்போதே அந்த வரிசையில் பிளைவுட் பட்டை வைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் ஓனரிடம் போன் போட்டு, உரிந்த இடத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லி, துளை போட அனுமதி கேட்டேன். "முன்னாடியே கேட்டிருக்கலாம்ல சார்" என்றார். டிரில் போட வந்த தம்பி ஒரு துளைக்கு இவ்வளவு என்று கூலி சொன்னபோது பிராக்கெட் விலையைவிட அது கூடுதல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் கொடுத்த காசுக்கு அவர் ஒரு வேலை செய்தார்: ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மட்டம் பார்த்துப் போட்டா ராடு கோணலா தெரியும், பரவாயில்லையா?" என்று கேட்டார். மேலே இருந்த லாஃப்ட் தளம் ஒரு கோடியில் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. கண் ரசமட்டத்தைப் பார்ப்பதில்லை, லாஃப்ட் ஓரத்தைத்தான் பார்க்கும். மட்டத்துக்கும் லாஃப்டுக்கும் நடுவில் ஒரு கோடு பிடித்து, பிராக்கெட்டின் நீளத் துளையில் இரண்டு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கி, தூர நின்று பார்க்கச் சொன்னார். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே வந்த துளையை மட்டும் அவரே தள்ளிப் போட்டார். வயர் குழாய் பெரும்பாலும் அங்கிருந்து நேராக மேலே ஏறும்.

படுக்கையறையில் நீளும் கை மூன்று, 4½ அங்குலத்தில் நிற்கிறது. ராடை ஜன்னலைவிட இரு பக்கமும் 10 அங்குலம் அதிகமாக நீட்டினோம். திறந்த நேரத்தில் துணி முழுக்கச் சுவர்ப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் கொசுவலைக் கதவு இடிக்காமல் திறக்கும். ஹாலில் 3 அங்குல அசையாத கை மூன்று. சமையலறையின் இரண்டரை அடி ஜன்னலுக்குக் குழிக்குள் ஸ்பிரிங் ராடு. இரண்டு முனையிலும் ரப்பர், திருகினால் சுவருக்குச் சுவர் இறுகிக்கொள்ளும். அடுப்புப் பக்கம் என்பதால் துணி சின்னது, வாரம் ஒருமுறை கழற்றித் துவைக்க வசதி. 3 அடிக்கு மேல் இதை நம்பவேண்டாம், நடுவில் தொய்ந்தால் முனை வழுக்கும்.

வாங்கிய நீளும் கைகளோடு வந்த ஆலன் கீயை ஸ்கிரீன் ராடின் குழாய்க்குள்ளேயே போட்டு மூடியை மாட்டிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சின்ன ஸ்கிரூவை இறுக்க வேண்டிவரும். வேண்டிய நேரத்தில் அந்தச் சாவி எந்த வீட்டிலும் கிடைப்பதில்லை.